மறை காத்தலும் அறத்தொடு நிற்றலும்

உடல் நோயைக் கண்ணால் காணலாம். கையால் தொட்டு அறியலாம். மனநோயோ நோயுற்றவர் வாய் திறந்து சொன்னாலன்றிப் பிறரால் முற்றும் அறிய இயலாதது. ஆகவே, மனநல மருத்துவத்திற்கும் மனநல ஆலோசனைக்கும் நோயாளியின் சொல்லே முதற் கருவியாகும். சொன்னது வெளியே போகாது என்னும் நம்பிக்கை இருந்தால்தான் அச்சொல் பிறக்கும். மறை காத்தல் இத்துறையில் மருந்துக்கு ஒப்பான தேவை எனக் கருதப்படுவது இதனாலேயே.

எனினும், காக்கப்பட்ட மறையே உயிருக்கு இறுதியாகும் இடங்களும் உண்டு. தம்மை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர், பிறரைக் கொல்ல எண்ணியவர், வீட்டிலே வதைபடும் சிறுவர் ஆகியோர் சொல்லும் செய்தியைக் கேட்டவர் தம் நெஞ்சுக்குள்ளேயே புதைத்துவிடலாமா? புதைக்கலாகாது எனின், யாரிடம், எவ்வளவு, எப்போது உரைப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிச் சிங்கப்பூர் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக நடந்து வந்த வழியை ஈண்டு நோக்குவோம். அதற்கு முன், இதே வினாவைத் தமிழர் இலக்கியத் துறையில் எழுப்பி விடையும் கண்டிருந்தனர் என்பதை நினைவு கூர்தல் பயன் தரும்.

தோழி கண்ட நெறி

அகப்பொருளில் களவு என்பது மறைவொழுக்கம். தலைவியின் மறையை முற்றும் அறிந்தவள் தோழி. அவள் அதனை எளிதில் வெளியிடாள். தலைவி நாளும் மெலிகின்றாள். செவிலி காரணம் அறியாது கட்டுவிச்சியிடம் குறி கேட்கின்றாள். வேலனை அழைத்து வெறியாட்டு அயர்கின்றாள். சிலபோது அயலார் மணம் பேசி வருகின்றனர். இனியும் மறைத்தால் தலைவியின் உயிர்க்கும் கற்புக்கும் ஏதம் நேரும் என்னும் நிலையில்தான் தோழி வாய் திறக்கின்றாள். அச்செயலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’ என்பது. காட்டிக்கொடுத்தல் என்று அவர் அதனைக் கருதவில்லை.

தொல்காப்பியர் அறத்தொடு நிற்கும் வகை ஏழு எனப் பகுத்தார். தலைவனின் எளிமையைக் கூறுதல், அவன் சிறப்பைப் புகழ்தல் முதலாகப் படிப்படியே சென்று, உண்மையை உள்ளவாறு செப்புதல் ஈறாக அவை அமைந்துள்ளன. உண்மையை முழுதும் கூறுவது கடைசியில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளில் இவ்வொரு துறையையே விரித்துரைக்கின்றது. அதில் தோழி தானாக முந்திக்கொண்டு மறையை வெளியிடவில்லை. அன்னைக்கு அறிவித்தால் பழியில்லை என்னும் கருத்தைத் தலைவியே முதலில் கூறுகின்றாள். தோழி அவள் இசைவைப் பெற்றுச் செவிலியிடம் பேசுகின்றாள்.

செய்தி செல்லும் வழிக்கும் ஒழுங்கு உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என அது படிமுறையாகச் செல்லும். தந்தையும் தமையன்மாரும் வெளிப்படச் சொல்லப்பெறாமல் குறிப்பினாலேயே உணர்வர் என்பது தொல்காப்பியர் கூற்று. செய்தி தொலைவு செல்லச் செல்ல அதன் விரிவு சுருங்க வேண்டும் என்னும் நுட்பம் இதில் அமைந்துள்ளது.

களவொழுக்கம் நோய் அன்று. ஆகவே இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. ஆயினும், மறையை வெளியிடுவதற்கு இங்கே மூன்று வரம்புகள் பெறப்படுகின்றன. ஒன்று, உயிர்க்கு ஒத்த பெருங்கேடு நேரும் நிலை. இரண்டு, இயன்றவரை மறைக்கு உரியவரின் இசைவு. மூன்று, அறியவேண்டியவருக்கு மட்டும், அறியவேண்டிய அளவு மட்டும் கூறுதல். இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பிற்கால வரலாற்றைக் காண்போம்.

சூளுரையும் சாட்சிக் கூண்டும்

மருத்துவர் மறை காக்க வேண்டும் என்பது பல நாடுகளிலும் பழைய அறமாகும். கிரேக்க நாட்டு இப்போக்கிரத்தரின் பெயரால் வழங்கும் சூளுரை, மருத்துவம் பார்க்கச் சென்ற இடத்தில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லலாகாது என்கின்றது. சரக சங்கிதையும் நோயாளியின் இல்லத்துச் செய்திகளை வெளிப்படுத்தலாகாது என மாணாக்கனுக்கு அறிவுறுத்துகின்றது. கிறித்துவத் திருச்சபை 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பேரவையில், பாவமன்னிப்புக் கேட்போர் கூறியதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனை விதித்தது.

ஆனால், நீதிமன்றம் இவ்வறத்தை அப்படியே ஏற்கவில்லை. 1776-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் கோமகள் இருமண வழக்கில் விசாரிக்கப்பட்டாள். அவளுடைய அறுவை மருத்துவர் சீசர் ஆக்கின்ஸ், மருத்துவராகத் தாம் அறிந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா எனத் தயங்கினார். மேன்சுபீல்டு பிரபு, மருத்துவர் தாமே முன்வந்து மறையை வெளியிட்டால் அது மானக்கேடு; நீதிமன்றம் கேட்கும்போது கூறுவது அவ்வாறாகாது எனத் தெளிவுறுத்தினார். ஆங்கிலச் சட்டம் பின்னர் இவ்வழியையே பின்பற்றியது.

இதன் தொடர்ச்சி நம் பகுதிக்கும் வந்தது. சேம்சு இசுட்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறியதற்குக் காப்பு அளித்தது. மருத்துவரிடம் நோயாளி கூறியதற்கு அத்தகைய காப்பு அளிக்கவில்லை. அச்சட்டத்தின் வழிவந்ததே நீரிணைக் குடியேற்றங்களில் 1893-இல் இயற்றப்பெற்ற சாட்சியச் சட்டம். சிங்கப்பூரில் இன்றும் வழங்குவது, திருத்தங்களோடு கூடிய அச்சட்டமே. அமெரிக்காவில் நிலைமை வேறு. மனநலச் சிகிச்சையில் கூறியவற்றைக் கூட்டரசு நீதிமன்றங்களில் வெளியிடக் கட்டாயப்படுத்தலாகாது என 1996-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் மருத்துவரின் மறை, தொழில் அறத்தாலும் பொதுச் சட்டத்தாலும் காக்கப்படுகின்றது. ஆனால் நீதிமன்றம் ஆணையிட்டால் அக்கதவு திறக்கும். ஆலோசனை நாடுவோர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

மறையற்ற நோயாளிகள்

சிங்கப்பூரில் மனநல மருத்துவம் மருத்துவமனையில் தோன்றவில்லை. சிறையில் தோன்றியது எனலாம். தொடக்க நாள்களில் மனநோயாளிகள் கைதிகளோடு சிறையில் அடைக்கப்பட்டனர். 1840-இல் அவர்களுள் ஒருவர் மற்றொருவரைக் கொன்ற பின்னரே தனி இடம் வேண்டும் என்னும் எண்ணம் ஆளுநர் போனம் காலத்தில் வலுப்பெற்றது. 1841-இல் பிராஸ் பாசா சாலைப் பகுதியில் முப்பது படுக்கைகள் கொண்ட மனநோயாளர் மருத்துவமனை எழுந்தது. 1860-களின் தொடக்கத்தில் அது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கு அருகே மாறியது. எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் அவ்விடம், இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரத்தைச் சேர்ந்ததே. 1887-இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியிலும், 1928-இல் இயோ சூ காங் சாலையிலும் புதிய விடுதிகள் கட்டப்பட்டன. கடைசியாகக் கூறியதே 1951-இல் உட்பிரிட்ஜ் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. 1993-இல் புவாங்கோக்கிற்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகமாயிற்று.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலனாகும். முதல் நூறாண்டுகளில் நோயாளிக்கு மறை என ஒன்று இருக்கவில்லை. அலைந்து திரியும் மனநோயாளியைக் காவலர் பிடித்து நடுவர் முன் நிறுத்த வகைசெய்த இந்தியச் சட்டம் 1858-இல் பிறந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. இத்தகைய முறையில் பொது இடத்தில் பிடிபட்டவரின் நோயைக் காவலர் அறிவார், எழுத்தர் அறிவார், தெருவும் அறியும். ‘உட்பிரிட்ஜ்’ என்னும் மருத்துவமனைப் பெயரே பிற்காலத்தில் ஏளனச் சொல்லாக வழங்கியதை மூத்தோர் மறந்திரார். ஒருவர் அவ்வாயிலில் நுழைந்தார் என்னும் செய்தி ஒன்றே அவர் மணவாழ்வையும் வேலையையும் கெடுக்கப் போதுமானதாயிருந்தது. நோயின் கொடுமையோடு பெயரின் கொடுமையும் சேர்ந்தமையால், பலர் மருத்துவத்தையே தவிர்த்தனர். ஆகவே, மறை காத்தல் என்னும் கொள்கை இங்கு நோயாளியை வாயிலுக்குள் அழைத்து வரவே முதலில் தேவைப்பட்டது.

குற்றமாயிருந்த துயரம்

மறைக்கு மற்றொரு தடை சட்டத்திலேயே இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சி 309-ஆம் பிரிவின்படி குற்றமாயிருந்தது. உயிர் பிழைத்தவர் மருத்துவரிடம் உண்மையைக் கூறினால், அது நோய்க்குறியாகவும் குற்ற ஒப்புதலாகவும் ஒருங்கே அமைந்தது. குற்றவாளி ஆவோமோ என அஞ்சுபவர் எப்படி மனம் திறப்பார்?

இந்நிலையில்தான் பெயர் கேட்காமல் செவி மட்டும் கொடுக்கும் அமைப்புகள் தோன்றின. சாட் வாரா என்னும் பாதிரியார் 1953-இல் லண்டன் மாநகரில் தொடங்கிய தொலைபேசித் தொண்டின் வழியில், 1969-இல் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் நிறுவப்பட்டது. சென்னையில் 1986-இல் தோன்றிய சிநேகாவும் இவ்வகைத் தொண்டே. பேசுபவர் பெயரை மறைத்துக்கொள்ளலாம் என்னும் ஒன்றே பலரைப் பேச வைத்தது.

சட்டமும் மெல்ல மாறியது. இலங்கை 1998-இலேயே இக்குற்றத்தை நீக்கியது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே கொள்ள வேண்டும் என்றது. மறை காக்கப்படும் உரிமையையும் அதன் விலக்குகளையும் அச்சட்டமே வகுத்துரைத்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய திருத்தத்தால், 2020 சனவரி 1 முதல் 309-ஆம் பிரிவு அகன்றது. மலேசியாவிலும் 2023-இல் அக்குற்றம் நீக்கப்பட்டது. இம்மாற்றத்தால் மறையின் எல்லை தெளிவடைந்தது. உயிர்க்கு ஆபத்து உளதாயின் பிறருக்கு அறிவிப்பது இன்றும் கடமையே. ஆனால் அவ்வறிவிப்பு தண்டனையை நோக்கிச் செல்வதில்லை, உதவியை நோக்கிச் செல்கின்றது.

கொலை எண்ணத்தைக் கேட்டவர் கடன்

பிறருக்குத் தீங்கு நேரவிருந்தால் என் செய்வது? இதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்பெறுவது அமெரிக்காவின் தாராசாஃப் வழக்கு. 1969-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இந்திய மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைத் தம் உளவியலாளரிடம் வெளியிட்டார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்க்கு அறிவித்தார். காவலர் மாணவரை விசாரித்து, தெளிவாக இருக்கின்றார் எனக் கருதி விட்டுவிட்டனர். அப்பெண்ணுக்கோ அவள் குடும்பத்திற்கோ எவரும் எச்சரிக்கை செய்யவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 27-இல் அவள் கொல்லப்பட்டாள். 1974-இல் முதல் தீர்ப்பும், 1976-இல் இறுதித் தீர்ப்பும் வெளிவந்தன. பிறருக்குப் பெருங்கேடு நேரும் என அறிந்த சிகிச்சையாளர், அதற்கு இலக்காகக் கூடியவரைக் காக்கத் தக்க முயற்சி செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம்.

இவ்வழக்கில் மறை வெளியிடப்படாமல் இல்லை, காவலரிடம் வெளியிடப்பட்டது. அறிய வேண்டிய பெண்ணுக்கு மட்டும் சென்று சேரவில்லை. ‘யாரிடம்’ என்னும் வினாவில் நேர்ந்த தவறு ஓர் உயிரைக் கொண்டது.

சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வழிவகை செய்தது. 2024-இல் அது திருத்தப்பட்டது. ஆபத்து அந்த நொடியிலேயே நேரவிருப்பதாய் இருத்தல் வேண்டா. நேரக்கூடும் என்பதற்குத் தக்க காரணம் இருந்தால் காவலர் தலையிடலாம் என அத்திருத்தம் எல்லையை விரித்தது. பாதுகாப்பு கருதியது இது. ஆயினும், எல்லை விரியுந்தோறும் நோயாளியின் அச்சமும் விரியக்கூடும். அதனை எடைபோட்டே அதிகாரத்தைக் கையாள வேண்டும்.

ஐம்பதாயிரம் வெள்ளித் தண்டம்

சிங்கப்பூரில் மறையின் எல்லை குறித்துப் பெரும் விவாதத்தை எழுப்பிய வழக்கு அண்மைக் காலத்தது. 2015-இல் மனநல மருத்துவர் ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. தம்மிடம் முன்னர்ச் சிகிச்சை பெற்ற பெண் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளார். அவரை மனநலக் கழகத்தில் சேர்க்க ஒரு குறிப்பு வேண்டும் என்று, கணவர் எனக் கூறிக்கொண்ட ஒருவர் கேட்டார். மருத்துவர் குறிப்பை எழுதினார். அக்குறிப்பு அப்பெண்ணின் உடன்பிறந்தார் கைக்குச் சென்றது. பின்னர், அப்பெண்ணுக்கு எதிரான ஒரு நீதிமன்ற விண்ணப்பத்தில் அது இடம்பெற்றது.

பெண் முறையிட்டார். ஒழுங்கு விசாரணையில் மருத்துவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 50,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. 2019-இன் தொடக்கத்தில் இச்செய்தி வெளிவந்ததும் மருத்துவ உலகம் கலங்கியது. உயிர் போகும் என்று ஒரு குடும்பம் அலறும்போது, அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதா எனப் பலர் வினவினர். முடிவில், தண்டனையைக் கோரிய மருத்துவ மன்றமே அதனை மறுஆய்வு செய்யுமாறு உயர் நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டே மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பையும் தண்டத்தையும் நீக்கியது.

இவ்வழக்கை ஒருபுறமாகப் பார்த்தல் தகாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு எழுதினார் என்பது மெய். அதே வேளையில், ஒரு பெண்ணின் நோய் வரலாறு, அவர் விரும்பாத ஒருவர் கையில், அவருக்கே எதிரான ஆவணமாயிற்று என்பதும் மெய். உயிர் காக்க வெளியிட்ட செய்தி உயிர் காக்கும் கைகளில்தான் சேர்கின்றதா எனப் பார்ப்பது வெளியிடுதலின் பிற்பகுதி. அப்பகுதி மருத்துவர் ஒருவரின் கையில் மட்டும் இல்லை. குறிப்பை எடுத்துக் கொடுக்கும் அலுவலர் வரை அது நீள்கின்றது. செய்தி போகும் ஒவ்வொரு படியிலும் ஒருவரை நிறுத்திக் காட்டிய அகத்திணை மரபின் நுட்பம் இங்கே விளங்கும்.

ஏட்டிலிருந்து கசியும் செய்தி வேறொரு வகை. 2018-இல் சிங்ஹெல்த் நிறுவனத்தின் கணினித் தொகுப்பிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. 2019-இல் எச்ஐவி கிருமி தொற்றிய 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியான செய்தி அறிவிக்கப்பட்டது. கேட்டவர் வாயை மூடியிருந்தாலும் எழுதியது பேசும் என்பதற்கு இவை சான்று. வேண்டியதை மட்டும் எழுதுதலும் மறை காத்தலின் பகுதியே.

கேட்பவர் யாருடைய ஆள்?

இன்னொரு வினாவும் உண்டு. ஆலோசகர்க்கு ஊதியம் தருபவர் வேறொருவராயின், அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். தொழிலாளி அவரிடம் கூறும் நோய் துரையின் காதுக்கு எட்டுமோ என்னும் அச்சம் லயங்களில் இருந்தது. ஒரு சுவர் இரு வீட்டுக்குப் பொதுவான லயத்தில் மறை என்பதே அரிது.

தேக்காவில் ஞாயிறு தோறும் கூடும் தமிழகத் தொழிலாளர் பலருக்கும் இத்தகைய அச்சம் உண்டு. வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்தது. வாங்கிய கடன் ஊரில் காத்திருக்கின்றது. தூக்கமில்லை, மனம் சரியில்லை என்று ஒருவரிடம் சொன்னால், அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என அவர் எண்ணினால் அதனைப் பேதைமை என ஒதுக்க முடியாது. 2006-இல் தொடங்கப்பெற்ற எல்த்சர்வ் போன்ற, முதலாளியைச் சாராத தொண்டு அமைப்புகளின் இன்றியமையாமை இதனால் பெறப்படும். தமிழில் கேட்கும் செவியும், அச்செவி எவருக்கும் கடன்பட்டதன்று என்னும் உறுதியும் ஒருங்கே அமைந்தால்தான் அவர் பேசுவார்.

ஆசிரியர் செய்யத்தக்கது

மறையைக் கேட்கும் முதல் மனிதர் பல வேளைகளில் ஆசிரியரே. ‘யாரிடமும் சொல்லக்கூடாது ஐயா’ என்று மாணவர் தொடங்கும்போது, ‘சொல்லவே மாட்டேன்’ எனச் சூள் செய்துவிடுவது இரக்கத்தால் விளையும் தவறு. பின்னர் அடி வாங்கிய தழும்பையோ, சாக வேண்டும் என்னும் சொல்லையோ அறிய நேர்ந்தால், சூளை மீறுவதும் மீறாமையும் இரண்டும் கேடாகும். ஆசிரியர் முதலிலேயே எல்லையைக் கூறிவிட வேண்டும்: ‘நீ சொல்வதை ஊர் அறியச் சொல்ல மாட்டேன், உன் உயிர்க்கோ பிறர் உயிர்க்கோ ஆபத்து என்றால், உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்.’ எல்லையைக் கூறினால் மாணவர் பேசமாட்டார் எனச் சிலர் அஞ்சுவர். எல்லை அறிந்த வீட்டுக்குள்தான் குழந்தை அச்சமின்றி நடமாடும்.

அடுத்தது, உரியவரைத் தேர்தல். பள்ளி ஆலோசகர் உள்ள இடத்தில் அவரே உரியவர். அத்தகையவர் இல்லாத சிறு பள்ளிகளில் தலைமையாசிரியர் அப்பொறுப்பை ஏற்று, உரிய துறைக்கு விரைந்து அறிவிக்க வேண்டும். பெற்றோர்க்கு அறிவிப்பது இயல்பான வழி. ஆனால் கொடுமை நிகழ்வது அவ்வீட்டிலேயே எனின், பெற்றோர் உரியவர் ஆகார். ஆசிரியர் ஓய்வறையோ ஒருபோதும் உரிய இடமாகாது. இரக்கத்தோடு அங்கே பகிரும் ஒரு சொல், மாலைக்குள் சந்தைக்குச் சென்றுவிடும். மனநலப் பயிற்சி பெறாத நாம் இதில் செய்யக்கூடிய பெருந்தொண்டு, பொறுமையாகக் கேட்பதும் சரியான ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே.

கடைசியாக, வெளியிட்ட பின்னும் ஆசிரியர் கடமை முடிவதில்லை. அறத்தொடு நின்ற தோழி, அதன் பின் தலைவியை விட்டு அகலவில்லை. மணம் முடியும் வரை உடன் நின்றாள். மறையை வெளியிட்டுவிட்டு விலகிச் செல்பவர் மாணவர் கண்ணில் காட்டிக்கொடுத்தவர் ஆவார். உடன் நிற்பவரே அறத்தொடு நின்றவர் ஆவார். சட்டம் எல்லையை வகுக்கும். தொழில் அறம் அளவை வகுக்கும். மாணவர் அடுத்த முறையும் நம்மிடம் வாய் திறப்பாரா என்பது, நாம் எவ்வாறு உடன் நின்றோம் என்பதைப் பொறுத்ததே. குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், அறத்தொடு நிற்றல் என்னும் துறையைத் தேர்வு வினாவாக மட்டும் நடத்தாது, வாழ்க்கைப் பாடமாகவும் நடத்துவாராயின் நலம் பெரிதாம்.